கோச் வாங்கிய செம்மறிகள்

சாண்ட் ஃபோர்க்கில் செவ்வாய்க்கிழமை மாட்டு ஏலம், வெள்ளிக்கிழமை கூடைப்பந்து. இந்த இரண்டு நாளும் லோரீன் மாரெக்கின் கை ஓயாது. செவ்வாய் பகலில் ஏலக் கொட்டகையை ஒட்டி அவள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் உட்கார இடம் கிடைக்காது. வெள்ளி மாலையில் பள்ளிக்கூட ஆட்டக்கூடத்தின் தின்பண்ட ஜன்னலில் நிற்பாள். இரண்டு இடத்திலும் ஒரே சரக்குதான். மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்டுக் காரமாகக் கொதிக்கவிட்ட சில்லி, கூடவே பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிச் சுருட்டிச் சுட்ட ரொட்டி. காரத்தில் இனிப்பைத் தோய்த்துத் தின்பதைப் பார்த்து வெளியூர் லாரிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மறுவாரம் அவர்களே வந்து, ரொட்டி இன்னொன்று கிடைக்குமா என்று கேட்பார்கள்.

லோரீன் ஏலக்காரர் வீட்டுப் பெண். அப்பா ஏலம் விட்டார், இப்போது தம்பி டுவெய்ன் விடுகிறான். பேச்சு வந்த வயதிலேயே அவளுக்குப் பேரமும் வந்துவிட்டது. அப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டதும் வாயால் பிழைக்கிற ஆளைத்தான். வெண்டெல் மாரெக் பள்ளியில் வரலாறு நடத்துவார். ஊருக்கு அவர் வரலாறு முக்கியமில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கோச் அவர்தான். ஆட்ட இடைவேளையில் அவர் பேசுகிற பேச்சைக் கேட்டால் செத்த கோழியும் எழுந்து பந்து போடும் என்று ஊரில் ஒரு பெயர்.

அந்தப் பேச்சின் மூலச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது லோரீனுக்குத் தெரியும். வியாழன்தோறும் பெண்கள் எல்லோரும் மாரெக் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சாப்பிட்டு முடித்துக் கீழறையில் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்து வீடியோவில் ஒரு படம் பார்ப்பார்கள். எல்லாம் ஒரே குலத்துப் படங்கள்தான். தோற்றுக்கொண்டே இருக்கிற ஒரு பள்ளி அணி, முசுட்டுக் கோச் ஒருவர், மழையில் ஓட்டம், கடைசி நொடியில் ஒரு பந்து. படம் ஓட ஓட வெண்டெலின் உதடு அசையும். மறுநாள் மாலை தின்பண்ட ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற பலகைச் சுவர் வழியாக, உடைமாற்றும் அறையிலிருந்து, அதே பேச்சு லோரீன் காதில் விழும். படத்தில் கடல் என்று வந்தது இவர் வாயில் சோளக்காடாகியிருக்கும், அவ்வளவு வித்தியாசம். பெண்களுக்கும் இது தெரியும். யாரும் காட்டிக்கொண்டதில்லை. இரவல் சரக்கை ஒரு மனிதன் இத்தனை நம்பி விற்கும்போது, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் இல்லை அவர்கள்.

ஜூன் மாதம் வெண்டெலின் தொண்டையில் கட்டி என்றார்கள். அறுத்தார்கள். உயிரைக் கொடுத்துவிட்டுக் குரல்வளையை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பேரத்தில் லோரீனுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் பக்கத்தில் ஆள் படுத்திருக்கிறார், கழுத்துத் துளையின் மேல் கட்டிய துணி மூச்சுக்கு மூச்சு அசைகிறது. அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் காப்பி போடுவாள். குறையெல்லாம் வெண்டெலுக்குத்தான்.

பேசுவதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். சின்ன டார்ச் விளக்கு மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே அழுத்தி உதட்டை அசைத்தால் ரீங்காரமாக ஒரு குரல் வரும். ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. வீட்டில் பழகிப் பழகி ஓரளவு தெளிவாகவே பேச வந்துவிட்டது. ஆகஸ்டில் ஒரு நாள் தீவனக் கடைக்குப் போய் அதை வைத்து ஆணி கேட்டார். கல்லாவில் நின்ற பெண், "மறுபடி சொல்லுங்க" என்றாள். சொன்னார். "என்ன?" என்றாள். மறுபடியும் சொன்னார். அவள் லோரீன் பக்கம் திரும்பி, "இவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டாள். அன்றைக்குக் கால்சட்டைப் பைக்குள் போன கருவி அப்புறம் வெளியே வரவில்லை. ஒரு சின்ன எழுதுபலகையும் பேனாவும் கழுத்தில் தொங்க ஆரம்பித்தன.

நவம்பர் முதல் செவ்வாய். வெளியே பனி காய்ந்து தூள் தூளாகப் பறந்துகொண்டிருந்தது. ஏலத்தின் சந்தடி அடங்குகிற நேரத்தில் பள்ளி நிர்வாகி கென் ஹால்வர்சன் கடைக்குள் வந்து தொப்பியைக் கழற்றினார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால், ஆப்பிள் அடைத்துச் சுட்ட பை ஒரு துண்டு சாப்பிடுகிற வழக்கம் உள்ளவர்.

"பை இருக்கா லோரீன்?"

"எந்த அளவுக்குக் கெட்ட செய்தின்னு சொல்லுங்க கென். அதுக்குத் தக்க மாதிரி வெட்டுறேன்."

அவர் சிரிக்கவில்லை. "வெண்டெல் எப்படி இருக்கார்?"

"சாப்பிடுறார், தூங்குறார், கோபப்படுறார். மொத்தத்துல சௌக்கியம்."

"சீசன் ஆரம்பிக்கப் போகுது. பள்ளிக் குழுவுல கேக்குறாங்க. கணக்கு வாத்தியார் டிம் இருக்காரே, அவர் காலேஜ்ல ஆடினவர். இந்த வருஷம் அவர் பாத்துக்கட்டும். வெண்டெல் கூட உக்காரட்டும். அவருக்கும் சிரமம் குறையுமில்ல."

"கூட உக்கார்றதுன்னா?"

"ஆலோசனைக்கு."

"ஓகோ. காளையை வித்துட்டு மணியை மட்டும் வச்சுக்கச் சொல்றீங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. என் பொண்ணும் அவர்கிட்டதானே ஆடினா. ஆனா ஆட்டத்துல சத்தம் போடணும், நிறுத்தணும், திருத்தணும். பேச முடியாத ஆள் எப்படிச் செய்வார்?"

லோரீன் பையை வெட்டி அவர் முன்னால் வைத்தாள். பெரிய துண்டாகவே வைத்தாள். "டிம்மைக் கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்போ சந்தைக்கு வராத சரக்குக்கு விலை பேசுறீங்க. சரி, நான் ஒண்ணு சொல்றேன். சீசன் முழுக்க வெண்டெலே இருக்கட்டும்."

"முடியாது லோரீன். இந்த மாசக் கடைசியில நன்றித் திருநாள் வருதே, அது வரைக்கும் வேணா பாக்கலாம்."

"அதுக்குள்ள ஆட்டமே தொடங்காது. அது உங்களுக்குத் தெரியாதா?"

ஹால்வர்சன் பையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பிராட்லி ஊர்க்காரங்க நம்ம ஊருக்கு ஆட வர்றாங்க. அது வரைக்கும். அன்னைக்கு நீங்களே வந்து உக்காந்து பாருங்க. அவரால முடியலைன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, நானே போய் அவர் கழுத்துல இருக்கிற விசிலைக் கழட்டிக் கொண்டாந்து தர்றேன்."

அவர் யோசித்தார். "பிராட்லி ஆட்டம் வரைக்கும்" என்றார். கையை நீட்டினார். லோரீன் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் குலுக்கினாள்.

வெண்டெலிடம் இதைச் சொன்னபோது அவர் பலகையில் எழுதினார்: "டிம் நல்ல பையன்." அவ்வளவுதான். லோரீன் அதை இரண்டு தடவை படித்தாள். பந்தைக் கீழே வைத்துவிட்டால் இந்த மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அப்படி உட்கார்ந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் எழுந்ததில்லை.

கை ஜாடை யோசனை மார்னியுடையது. அணியில் பந்தை எடுத்துச் செல்கிற பெண், குள்ளம், வாய் நீளம். "கோச், ஏலத்துல எங்கப்பா மூக்கைச் சொறிஞ்சா கன்னுக்குட்டி வீட்டுக்கு வருது. அதே மாதிரி நீங்க மூக்கைச் சொறிங்க, நாங்க ஆட்டத்தை மாத்துறோம்" என்றாள். வெண்டெலுக்குப் பிடித்துப்போனது. காதைப் பிடித்தால் நெருக்கிப் பிடி, மூடிய கை என்றால் அவரவர் இடத்தில் நில், இரண்டு விரல் தூக்கினால் டேனெட்டுக்குக் கொடு. டேனெட் அணியிலேயே உயரமானவள்.

இதைப் பழகுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம்தான் சரியில்லை.

அடுத்த செவ்வாய் மதியம் பெண்கள் வழக்கம்போல லோரீன் கடையில் சாப்பிட வந்தார்கள். கூட்டம் நெரிந்ததால் கிண்ணத்தோடு ஏலக் கொட்டகையின் மேல்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்கள். வெண்டெலும் போனார். கீழே டுவெய்ன் ஒலிபெருக்கியில் வார்த்தைகளைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தான். யாருக்கும் வேண்டாத ஐந்து கிழட்டுச் செம்மறிகள் வளையத்துக்குள் வந்து நின்றன. ஒன்று நொண்டியது. வெண்டெல் மார்னியைப் பார்த்துக் காதைப் பிடித்தார். டேனெட்டைப் பார்த்து இரண்டு விரல் தூக்கினார். ஒருத்தி கவனிக்கவில்லை என்று மறுபடியும் நன்றாக உயர்த்தித் தூக்கினார்.

"வித்தாச்சு, என் மச்சானுக்கு" என்று சுத்தியலைத் தட்டினான் டுவெய்ன்.

கொட்டகையின் வழக்கம் ஒன்றுதான். தவறு என்றால் அந்த இடத்திலேயே, அடுத்த கதவு திறப்பதற்குள், எல்லோரும் கேட்கச் சொல்லிவிட வேண்டும். அடுத்த உருப்படி உள்ளே வந்துவிட்டால் முடிந்தது. டுவெய்னின் கண் அதற்குள் அடுத்த கதவுக்குப் போயிருந்தது. கடை ஜன்னல் வழியாக லோரீன் பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டெல் எழுந்தார். கை பைக்குள் போனது. கருவி பாதி வெளியே வந்தது. வரிசை வரிசையாகத் தொப்பிகள் அவர் பக்கம் திரும்பின. கருவி மறுபடி உள்ளே போனது. கதவு திறந்து ஒரு கிடேரி ஓடி வந்தது. வெண்டெல் உட்கார்ந்தார்.

மாலையில் செம்மறிகள் வண்டி நிறுத்துகிற கொட்டகைக்குள் போயின. வண்டி வெளியே பனியில் நின்றது. லோரீன் சமையலறையில் பாத்திரங்களோடு பேசினாள். கடைசியில் அவரோடும் பேசினாள்.

"அஞ்சு ஆட்டை வாங்கத் துணிஞ்ச நீ, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லத் துணியல."

வெண்டெல் எழுதினார்: "எல்லாரும் பாத்தாங்க."

"பாக்கட்டுமே. நீ பேசி அவங்க பாக்காத நாள் உண்டா? இருபத்தஞ்சு வருஷமா அதுக்குத்தானே ஏங்கினே?"

எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். "அது மனுஷக் குரல். இது மாவு மெஷின்."

"எனக்குப் புரியுது."

"உனக்குப் புரியும். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே உனக்குப் புரியும்." பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து இன்னொரு வரி எழுதினார். "கென் சொல்றது சரி. பிராட்லி ஆட்டத்தோட நான் நிறுத்திக்கிறேன்."

லோரீன் அந்த வரியைப் படித்தாள். பலகையை வாங்கித் தன் ஏப்ரனால் துடைத்தாள். துடைத்துவிட்டால் இல்லாமல் போய்விடுமா என்ன.

மறுநாள் விடிந்ததும் கொட்டகையில் பேச்சுச் சத்தம். லோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். மார்னி வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். டேனெட் நொண்டி ஆட்டின் குளம்பை மடியில் வைத்துக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் இல்லையா?"

"இருக்கு மிசஸ் மாரெக். முறை வச்சிருக்கோம். நாளைக்கு வேற ரெண்டு பேர்" என்றாள் மார்னி. "ஜாடை யோசனை என்னோடதுதானே. ஆடும் பாதி என்னோடதுதான்."

"அப்போ பாதியை உங்க வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போயேன்."

"எங்கப்பா என்னையும் சேத்து ஏலத்துல விட்டுருவார்."

லோரீனுக்குச் சிரிப்பு வந்தது. பொய்யாகக் கோபப்பட்டு ஒரு வாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். "கோச் பேசாம இருக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கா? உண்மையைச் சொல்லு."

மார்னி வைக்கோலைக் கையில் பிடித்தபடி நின்றாள். "போன வருஷம் வரைக்கும் நான் ஒரு பந்தைத் தப்பா போட்டா அவர்தான் கத்துவார். இப்போ டேனெட் கத்துறா."

"நீ பந்தே குடுக்க மாட்டேங்குற, அதான்" என்றாள் டேனெட், குளம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாத்தீங்களா? நாங்களே சண்டை போட்டு நாங்களே தீத்துக்கிறோம். அது நல்லாத்தான் இருக்கு. ஆனா மிசஸ் மாரெக், பந்தைப் போட்டதுக்கு அப்புறம் ஒரு தடவை பெஞ்சைத் திரும்பிப் பாப்போம் இல்ல, அங்க அவர் இல்லாம வேற யாராவது இருந்தா… பேச்செல்லாம் அந்தப் படக் கேசட்லயே இருக்கு. அவர் மூஞ்சி அதுல இல்லையே."

அன்று மாலை பெண்கள் பள்ளியிலிருந்து திரும்பிய நேரத்துக்கு, வழக்கமான வியாழனுக்கு ஒரு நாள் முன்பாகவே, ஒரு தட்டு நிறைய ரொட்டி கொட்டகை வாசலில் மூடி வைக்கப்பட்டிருந்தது. செம்மறிகளை இரண்டு வாரம் தின்னவைத்து, குளம்பு சரியானபின், அதே ஏலக் கொட்டகையில் நல்ல விலைக்கே தள்ளிவிட்டாள் லோரீன். ஏலக்காரர் மகளுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி.

பிராட்லி ஆட்டத்தன்று வெளியே கோதுமை மாவாகப் பனி கொட்டியது. ஆனாலும் ஆட்டக்கூடம் நிரம்பிவிட்டது. ஈரக் கம்பளியும் பொரிச்சோளமும் கலந்த வாடை. ஹால்வர்சன் மூன்றாவது வரிசையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நடுவராக வந்திருந்தவர் லியோன் ஷ்ராடர். மற்ற நாட்களில் பக்கத்து மாவட்டத்தில் விதை விற்கிறவர். அவருக்கும் வெண்டெலுக்கும் இருபது வருஷப் பகை. நின்ற இடத்தில் அசையாமல் நிற்கிற பெண் மேல் ஓடி வந்தவள் மோதினால் தப்பு யார் பேரில் என்பது அந்தப் பகை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அது ஒரு தடவையாவது வரும்.

முதல் பாதியில் சாண்ட் ஃபோர்க் கொஞ்சம் பின்தங்கியிருந்தது. இடைவேளையில் லோரீன் சில்லியை ஊற்றிக்கொண்டே பலகைச் சுவரில் காதை வைத்தாள். ஒரே ஒரு குரல் முழங்கிய அறை. இப்போது எட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "நீ ஏன் வரல", "நீ கூப்பிட்டியா", "அவ இடது கைக்காரி, வலது பக்கம் தள்ளு". நடுநடுவே பேனா பலகையில் கிறுக்குகிற சத்தம். பிறகு ஒரு சிரிப்பு. என்ன எழுதினாரோ.

கடைசிக் கால்பாகத்தில் ஏறி ஏறிச் சமமாகிவிட்டார்கள். லோரீன் ஜன்னலை அடுத்தவளிடம் விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். முடிய ஒரு நிமிஷம்கூட இல்லாத நேரம். பிராட்லியின் பெரிய பெண் ஒருத்தி பந்தோடு பாய்ந்து வந்தாள். மார்னி குறுக்கே போய் இரண்டு காலையும் ஊன்றி, கையை நெஞ்சோடு கட்டி நின்றாள். அந்தப் பெண் அவள் மேல் மோத, மார்னி மல்லாந்து வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டினாள்.

லியோன் விசிலடித்தார். கையை இடுப்பில் வைத்தார். மார்னி பேரில்தான் தப்பாம்.

விழுந்த பெண் எழவில்லை என்பதால் கூடம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. மார்னி கண்ணைத் திறந்து, தலையைத் தடவி, எழுந்து உட்கார்ந்தாள். அந்த அமைதிக்குள் ஒரு ரீங்காரம் கேட்டது.

வெண்டெல் ஆட்டத்தளத்தின் ஓரக்கோட்டில் நின்றார். கருவி தாடைக்குக் கீழே இருந்தது. அதை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"லியோன். அந்தப் பொண்ணு நின்ன இடத்துல வேர் விட்டுருச்சு. நீ விக்கிற விதையைவிட நல்லா."

ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல், கடைசி வரிசைவரை போயிற்று. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெண்டெல் எப்போதாவது அத்தோடு நிறுத்தியிருக்கிறாரா?

"கண்ணாடியை எந்த ஏலத்துல வித்த?"

லியோன் அவரைப் பார்த்தார். கூடம் லியோனைப் பார்த்தது. வெண்டெலுக்கு என்ன நடந்தது என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். கேளாத மாதிரி திரும்பிக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். லோரீன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிவிடாதே மனுஷா, திரும்பிவிடாதே என்று மனதுக்குள் சொன்னாள்.

லியோன் விசிலை வாயில் வைத்தார். ஒரு கையை நிமிர்த்தி, மறுகையின் உள்ளங்கையை அதன் உச்சியில் வைத்துக் காட்டினார். டெக்னிக்கல் ஃபவுல். கோச்சின் வாய்க்காகக் கொடுக்கிற தண்டனை.

மேல்வரிசையிலிருந்து டுவெய்ன், விலை ஏறும்போது போடுகிற கத்தலைப் போட்டான். அப்புறம் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தங்கள் கோச்சுக்குத் தண்டனை கொடுத்ததற்கு ஓர் ஊரே எழுந்து நின்று கைதட்டியதை பிராட்லிக்காரர்கள் திகைத்துப் பார்த்தார்கள். மார்னி தரையில் உட்கார்ந்தபடியே பெஞ்சைத் திரும்பிப் பார்த்துப் பல் முழுக்கக் காட்டிச் சிரித்தாள். வெண்டெல் சிவந்துபோய், அதே கருவியால் அவளைப் பார்த்து, "எந்திரி" என்றார்.

தண்டனைப் பந்துகளில் ஒன்றை பிராட்லி போட்டுவிட்டது. அந்த ஒரு புள்ளியில் சாண்ட் ஃபோர்க் தோற்றது.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஹால்வர்சன் தின்பண்ட ஜன்னலுக்கு வந்தார். பை கேட்கவில்லை.

"எனக்கு ஒரு சிக்கல் லோரீன். எங்க கோச் நடுவரை மரியாதையில்லாமப் பேசினார்னு திங்கக்கிழமை மேலிடத்துக்கு எழுதி அனுப்பணும். அதே வாரத்துல எங்க கோச்சுக்குப் பேச வராதுன்னு குழுவுக்கும் எழுதினா, என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"பொய்யர்னு நினைப்பாங்க கென்."

"அதான் நானும் யோசிச்சேன். ஒண்ணுதான் எழுத முடியும்." தொப்பியைத் தலையில் வைத்தார். "விசில் அவர் கழுத்துலயே இருக்கட்டும்."

அவர் போன பிறகு லோரீன் பாத்திரத்தைக் கழுவ எடுத்தாள். நிழல் தட்டியது. லியோன் ஷ்ராடர் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். நடுவர்களுக்கு ஆட்டம் முடிந்து ஒரு கிண்ணம் சில்லி இலவசம். இன்றைக்கு அதை வாங்க அவருக்குத் தயக்கம்.

"நான் அப்படியே கிளம்பிடலாம்னு பாத்தேன். ரோட்டுல பனி. பசி வேற."

"உக்காருங்க லியோன்." லோரீன் சட்டியின் அடியில் இருந்த கறியையெல்லாம் வழித்து ஊற்றினாள். ரொட்டி இரண்டு வைத்தாள்.

அவர் கரண்டியை எடுக்கவில்லை. "என் பொண்டாட்டி கேட்டா என்னைத் தூங்க விடமாட்டா. நோயாளி மனுஷனுக்கு இப்படிப் பண்ணுவியான்னு கேப்பா. உங்களுக்குக் கோபமா?"

"ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட." லோரீன் ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "நீங்க அந்தப் பக்கம், கூடத்தோட அந்தக் கடைசியில நின்னீங்க. அவர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

லியோன் அவளை வியப்பாகப் பார்த்தார்.

"ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. புரியாமலா தண்டனை கொடுத்தேன்?"

லோரீன் திரும்பி அடுப்பைப் பார்த்து நின்றாள். வழித்து முடித்த காலிச் சட்டியைக் கரண்டியால் மெதுவாகக் கிளறிக்கொண்டே இருந்தாள். பின்னால் லியோன் சாப்பிட ஆரம்பித்த சத்தம் கேட்டது.

"இன்னொரு ரொட்டி வைக்கிறேன்" என்றாள். "உங்க பொண்டாட்டிக்குக் கொண்டு போங்க."